குடத்தில் கைவிட்ட சிறுவனும் சாகாத ஆடுகளும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விவரிக்கின்றன. ஊரில் குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள், முப்பது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டுக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் உட்படச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் அந்தக் குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில் அதை ஏந்தி வாங்கிப் பெயரை வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதை மறுபடி வாசிப்பார்கள்.

விரல்களை ஏன் விரித்துக்கொள்ள வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் போதும். கையை மூடிக்கொண்டு வந்தால் உள்ளே வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருக்கலாம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த கையோடு அடுத்த கேள்வியும் வரும்: அப்படியென்றால் அதற்கு முன்னால் யாரோ ஏமாற்றியிருக்கிறார்களா? இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்ட வேண்டிய அவசியம் என்ன? பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, ஒரு சின்னப் பையனை ஏன் நிறுத்தினார்கள்?

இதே செய்தி நம் தேர்வுத் தாளில் “குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக” என்று ஐந்து மதிப்பெண் வினாவாக வருகிறது. முப்பது குடும்பு, வயது வரம்பு, நில உடைமை, கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியின்மை என்று நான்கைந்து வரிகள் எழுதினால் முழு மதிப்பெண். பையனுக்கு அங்கே இடமில்லை. விரிந்த விரல்களுக்கும் இடமில்லை. வரலாறு என்றால் பிள்ளைகளுக்குச் சலிப்பு என்று நாம் குறைப்படுகிறோம். சலிப்புத் தராத பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறுவது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சுவையாக்குவது பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மேற்பூச்சு பற்றித்தான் பேசுகிறோம். படம் போடலாம், நாடகம் போடலாம், வினாடி வினா நடத்தலாம், ராஜா வேடம் போட்டுவிடலாம். இவற்றில் தவறொன்றும் இல்லை. 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இந்தியப் பிள்ளைகளில் ஒரு தலைமுறைக்கே அசோகனையும் சிவாஜியையும் அறிமுகம் செய்தது. இங்கிலாந்தில் 1993இல் டெர்ரி டியரி தொடங்கிய ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ நூல்கள் அரசர்களின் அரியணையைவிட அவர்கள் காலத்துச் சாக்கடையையும் கொள்ளைநோயையும் தண்டனைகளையும் காட்டியே பிள்ளைகளைப் புத்தகக் கடைக்கு இழுத்தன. வாசலுக்கு அழைத்து வர இவை உதவும். ஆனால் உள்ளே போன பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மேற்பூச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1989இல் ரூத் கார்னரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். பூச்சிகளைப் பற்றிய ஒரு பாடத்தில், மையக் கருத்தோடு தொடர்பில்லாத, ஆனால் மனத்தைச் சுண்டி இழுக்கும் விவரங்களைச் சேர்த்துப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களுக்கு அந்த வேடிக்கை விவரங்கள் நினைவில் நின்றன. பாடத்தின் மையக் கருத்து நழுவியது. பெரியவர்களுக்கும் இதே கதிதான். இரண்டாண்டு கழித்து, இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் முதலியோர் வேறொரு வழியில் போனார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய நிகழ்ச்சிகளைப் பற்றிய பள்ளிப் பாடத்தை எடுத்து, அதில் அலங்காரம் எதையும் சேர்க்காமல், ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சிக்கு எப்படிக் காரணமானது என்ற இணைப்புகளை மட்டும் விளக்கி எழுதினார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது முந்தைய பாடத்தைவிட நன்றாகப் புரிந்தது, நினைவிலும் நின்றது. பாடநூல் ஆசிரியர்கள் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இந்த ‘ஏன்’, ‘அதனால்’ வாக்கியங்களைத்தான். பெயர்களும் ஆண்டுகளும் பிழைத்துக்கொள்கின்றன.

இங்கிலாந்தில் 1960களின் இறுதியில் இந்தச் சிக்கல் வெடித்தது. 1968இல் மேரி பிரைஸ் என்ற ஆசிரியை, பள்ளிகளில் வரலாற்றுப் பாடமே ஆபத்தில் இருக்கிறது என்று எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதே காலத்தில் ராய் ஹாலம் என்ற ஆய்வாளர், உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை வைத்துச் சோதித்துவிட்டு, வரலாற்றுச் சிந்தனை ஏறத்தாழ 16 வயதுக்கு முன்னால் முழுமையாக வராது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்த முடிவு உண்மையானால் பள்ளியில் வரலாறு சொல்லித் தருவதற்கே பொருளில்லை. மாற்று வழி தேடி 1972இல் லீட்ஸ் நகரில் ஒரு பள்ளி வரலாற்றுத் திட்டம் பிறந்தது. அதன் முதல் அலகில் மன்னர்களும் இல்லை, போர்களும் இல்லை. மார்க் புல்லன் என்ற கற்பனை இளைஞன் இறந்து கிடக்கிறான். அவனுடைய பணப்பையில் இருந்த சீட்டுகளும் துண்டுக் காகிதங்களும் மாணவர் கையில் தரப்படுகின்றன. அவன் யார், கடைசி நாட்களில் எங்கே போனான், எதை உறுதியாகச் சொல்லலாம், எதை ஊகிக்கத்தான் முடியும் என்று அவர்கள் வாதாட வேண்டும். அதற்குப் பிறகே உண்மையான பழங்காலச் சான்றுகள் வந்தன. 1980இல் வெளிவந்த டெனிஸ் ஷெமில்ட்டின் மதிப்பீடு, இப்படிப் படித்த மாணவர்கள் பழைய முறையில் படித்தவர்களைவிட வரலாறு என்ற துறையின் இயல்பை நன்கு புரிந்துகொண்டதாகச் சொன்னது. வயதைவிடக் கற்பிக்கும் முறைதான் பெரிய தடை என்பது அதிலிருந்து தெரிந்தது.

சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. எட்டு வரலாற்றாசிரியர்கள், நன்றாகப் படிக்கும் எட்டுப் பள்ளி மாணவர்கள். 1775இல் லெக்சிங்டனில் நடந்த மோதலைப் பற்றிய ஆவணங்கள் இரு தரப்பினருக்கும் தரப்பட்டன. வரலாற்றாசிரியர்களில் சிலர் வேறு நாடுகளின் வரலாற்றில் தேர்ந்தவர்கள்; அமெரிக்கப் புரட்சியின் பெயர்களிலும் தேதிகளிலும் மாணவர்களை அவர்களால் முந்த முடியவில்லை. ஆயினும் ஓர் ஆவணம் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் பார்த்தது, இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என்பதை. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கி நேராகப் படித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றிலும் நம்பத்தக்கது எது என்று கேட்டபோது, பாடநூல் பகுதியையே உயர்த்திப் பிடித்தார்கள். பிறகு, 2012இல் அவிஷாக் ரைஸ்மன் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து அரசுப் பள்ளிகளில் 236 மாணவர்களிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வில், ஆவணங்களை வைத்துக் கற்றவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமின்றித் தகவல் அறிவிலும் வாசிப்புத் திறனிலும் முன்னேறியிருந்தார்கள். “கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடிப்பது?” என்று ஆசிரியர் அறைகளில் எழும் கவலைக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. 1928 கோடையில், மசூரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு நேரு எழுதிய கடிதங்கள் அரசர்களில் தொடங்கவில்லை. ஒரு கூழாங்கல்லில் தொடங்கின. பாறையிலிருந்து உடைந்த துண்டு கூர்முனை இழந்து உருண்டையானது எப்படி என்று கல்லையே சாட்சியாகக் கூப்பிட்டார். மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களில் சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் நடத்திய சமூக அறிவியல் திட்டத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மாணவர்கள் தேர்வெழுதினார்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. 2006இல் வந்த என்சிஇஆர்டி ஆறாம் வகுப்பு நூல், நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போது எப்படித் தெரிந்துகொள்ள முடியும் என்று வியக்கும் ரஷீதா என்ற சிறுமியோடு தொடங்கியது. தமிழ்நாட்டின் 2018ஆம் ஆண்டு நூலும் ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற பாடத்தைத் தலைவாசலில் வைத்தது. ஆனால், முதல் பாடத்தில் எழும் அந்தக் கேள்வி அடுத்த பாடங்களுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. மௌரியர் வந்ததும் ரஷீதா ஒதுங்கிவிட்டாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மார்க் புல்லனைப் போலக் கற்பனைப் பணப்பை எதையும் நாம் தைக்க வேண்டியதில்லை. நம் கோயில் சுவர்கள் சான்றுகளால் நிரம்பியிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010இல் முடிந்தது, ராஜராஜன் கட்டினான், விமானம் இவ்வளவு உயரம் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தச் சுவர்கள் பேசுவதில் இது ஒரு துளிதான்.

அங்கே விளக்கு எரிக்க விட்ட கொடைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குத் தினமும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஓர் இடையரிடம் 96 ஆடுகளை ஒப்படைப்பார்கள். ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48, எருமை என்றால் 16. இந்த மூன்று எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஓர் எருமை மூன்று பசுவுக்குச் சமம், ஆறு ஆட்டுக்குச் சமம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பால் விலைப் பட்டியல் அவர்கள் நோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை இந்த விகிதம் இன்றும் சரியா என்று அம்மாவிடம் கேட்டு வரும். அன்றைய வகுப்பில் அந்தப் பிள்ளைதான் நிபுணர்.

இதைவிட அழகானது, சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த ஆடுகளுக்குத் தரும் பெயர்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள். விளக்கோ சூரிய சந்திரர் உள்ளவரை எரிய வேண்டும். ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? சோழ நாட்டில் மந்திர ஆடுகள் இருந்தனவா? வகுப்பில் யாராவது ஒருவர், குட்டி போடும் அல்லவா, செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை 96ஆகவே நிற்குமே என்று சொல்லும் கணம் வரும். முதலைத் தொடாமல் வட்டியில் தருமம் நடத்தும் அறக்கட்டளையின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வங்கி இல்லாத காலத்தில் ஆட்டு மந்தை வைப்பு நிதியாக இருந்ததைப் பாடம் சொல்லாமலே அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். பிறகு இன்னும் கடினமான கேள்வி: நோய் வந்து பாதி மந்தை செத்துவிட்டால் அந்த இடையர் என்ன செய்திருப்பார்? கல்வெட்டு கொடுத்தவருடைய புண்ணியத்தைச் சொல்கிறது. ஆண்டுக்கு 365 உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவருடைய கவலையை அது சொல்வதில்லை. சான்று யார் பக்கம் நின்று பேசுகிறது என்பதை ஏழாம் வகுப்பிலேயே உணர்த்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு, ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்ற விலாசம். திருவாரூரிலிருந்து வந்தவர்கள், பழையாறையிலிருந்து வந்தவர்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். வீட்டு எண்களை வைத்துத் தெருவையே தாளில் வரையலாம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு கலத்துக்கு 12 குறுணி, ஒரு குறுணிக்கு 8 நாழி என்று பெருக்கினால் 9,600 நாழி. ஒரு நாளைக்கு 26 நாழிக்குச் சற்று மேல். ஒரு குடும்பத்துக்கு இது போதுமா, மிச்சம் எங்கே போனது? அவர்கள் விரும்பி வந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சுவர் பதில் தராது. பதில் தராத கேள்வியும் வரலாற்றில் உண்டு என்று பிள்ளைகளுக்குத் தெரிவது நல்லது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான் பிள்ளைகளின் முதல் வெறுப்பு. கீத் பார்ட்டனும் லிண்டா லெவ்ஸ்டிக்கும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட வெவ்வேறு காலப் படங்களை உடை, வண்டி, வீடு ஆகியவற்றைப் பார்த்தே ஓரளவு சரியாக வரிசைப்படுத்தினார்கள். ஆண்டு எண்கள் மட்டும் அவர்களுக்கு எதையும் உணர்த்தவில்லை. காலம் அவர்களுக்குத் தெரியும், எண்ணாகத் தெரியாது. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் பெரிய கோயிலுக்கும் நமக்கும் இடையே நாற்பது தலைமுறை. நாற்பது பேர் உள்ள வகுப்பை வரிசையாக நிற்க வைத்தால், ஒரு முனையில் இன்றைய பிள்ளை, மறுமுனையில் ராஜராஜன் காலத்துப் பாட்டி. பாரதியார் எத்தனையாவது ஆள், கட்டபொம்மன் எத்தனையாவது ஆள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு ஆண்டு எண் அந்நியமாக இருக்காது.

பிள்ளைகள் பழங்காலத்தில் முதலில் தேடுவது தம்மைப் போன்றவர்களை. ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 1956இல் பூர்ச்ச மரப்பட்டைத் துண்டுகள் சில கிடைத்தன. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, ஆறேழு வயது மதிக்கத்தக்க ஓன்ஃபிம் என்ற பையன் எழுதிப் பழகியவை அவை. அகர வரிசையைப் பாதி எழுதிவிட்டு, அலுத்துப்போய், குதிரையேறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து பக்கத்தில் தன் பெயரை எழுதிவைத்தான். உலகில் எந்தப் பிள்ளையும் அவனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நமக்கும் இப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக் கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் சேர்த்துப் பேசுகிறது; கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய் அது. விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில் சண்டையிட்ட சேவலுக்கே ஒரு நடுகல் உண்டு. கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்த வட்டச் சில்லுகள், உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கியவை. பாண்டி ஆடுவதற்கே என்று பலர் கருதுகிறார்கள். வேறு பயன் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வாளர்களுக்குள்ளேயே முடியாத வழக்கு என்று சொல்லி ஒரு சில்லைக் காட்டினால், ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்த வழக்கில் ஒரு வாக்கு கிடைக்கிறது.

கீழடியைப் பேசும்போது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு 2019இல் வெளியானதிலிருந்து அந்தப் பெயர் நம் பெருமிதத்தின் முழக்கமாகிவிட்டது. பெருமிதம் இயல்பானது. ஆனால் “நாம்தான் மூத்தவர்கள்” என்ற முடிவை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கரிமத்தை வைத்து எப்படிக் காலம் கணிக்கிறார்கள், மேலடுக்கும் கீழடுக்கும் ஏன் முக்கியம், ஐயப்படுபவர்கள் எதை முன்வைத்து ஐயப்படுகிறார்கள் என்று சொன்னால் கீழடியின் மதிப்பு குறைந்துவிடாது. மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சுவை என்ற பெயரில் கசப்பை மறைப்பதையும் நான் ஏற்கவில்லை. உத்திரமேரூர்க் குடத்தில் பெயர் இடத் தகுதி பெற்றவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்கள் மட்டுமே. பெரிய கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியே சொல்லப்படுகின்றன, சுடுகாடுகூடத் தனி. இதைச் சொன்னால் பிள்ளைகள் வாடிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அநியாயத்தைக் கண்டால் பிள்ளைகளுக்கு வருவது கோபம். ஏன், எப்போதிலிருந்து, இப்போதும் இருக்கிறதா என்று அந்தக் கோபம் கேட்கும். அந்த ஆர்வத்துக்கு இணையாக எந்த வேடப் போட்டியும் நிற்காது.

இதையெல்லாம் செய்யப் பெரிய பணம் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் பழந்தமிழ் எழுத்தான தமிழியைப் படிக்கக் கற்றுக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் பானையோடுகளையும் பழங்காசுகளையும் அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார்கள். ஊர்க் கோயில் கல்வெட்டைப் படிக்க மாலையின் சாய்ந்த வெயில் போதும். நிழல் விழும்போது தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். வெயில் இல்லாவிட்டால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சரி. கல்லில் சுண்ணாம்பு பூசக் கூடாது, மேட்டைத் தோண்டக் கூடாது, கண்டதை இருந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் அதே நாளில் கற்றுத் தரலாம்.

முட்டுக்கட்டை வினாத்தாளில்தான் இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கே மதிப்பெண் என்றால் எந்த ஆசிரியரும் அரைநாளை ஆட்டுக் கணக்குக்குச் செலவிட மாட்டார். அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. லீட்ஸ் திட்டக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். மாணவர் அதுவரை பார்த்திராத சான்றுகளைக் கொடுத்து வினா கேட்கும் தாள் ஒன்றைத் தேர்விலேயே சேர்த்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் நாமும் பத்து மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கலாம். பாடநூலில் இல்லாத ஒரு கல்வெட்டின் ஆறு வரிகள், எளிய தமிழில். கீழே மூன்று வினாக்கள்: இதை வெட்டச் சொன்னவர் யாராக இருக்கலாம்? இதிலிருந்து உறுதியாகத் தெரிவது எது, நீங்கள் ஊகிப்பது எது? இதில் பேசப்படாமல் விடப்பட்டவர்கள் யார்?